முற்றுப்புள்ளிக்குப் பின் எத்தனை இடம்?

ஆங்கிலத்தில் தட்டெழுதக் கற்றவர்களுக்கு ஒரு விதி நன்கு தெரிந்திருக்கும். வாக்கியம் முடிந்து முற்றுப்புள்ளி வைத்ததும் இடைவெளிக் கட்டையை இரண்டு முறை தட்ட வேண்டும்; அதன் பின்னரே அடுத்த வாக்கியம் தொடங்க வேண்டும். மலாயாவின் பட்டணங்களில் இருந்த வர்த்தகப் பள்ளிகளில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று, தோட்டத்துக் கிராணியாகவோ அரசாங்க எழுத்தராகவோ அமர்ந்த தமிழ் இளைஞர் பலருடைய விரல்களில் இவ்விதி ஊறிக் கிடந்தது. 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் 'வேர்ட்' செயலியில் இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாட்டைச் செய்தது. இரண்டு இடம் விட்டால் அதன் கீழே கோடிட்டுப் பிழையென்று காட்டலாயிற்று. அன்று விடாதிருந்தால் பிழை. இன்று விட்டால் பிழை!

இம்மாற்றத்துக்குக் காரணம் யாதென வினவினால் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் கூறுவர். டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான 'ஐ'யும் பருத்த 'எம்'மும் சமமான இடத்தையே பெறும். அதனால் வரி முழுவதும் ஓட்டை விழுந்தாற்போலத் தோன்றும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் புலப்படாது. ஆகவேதான் இரட்டை இடைவெளி புகுத்தப்பட்டது. கணினி வந்தபின் அத்தேவை ஒழிந்தது என்பர். 1990 ஆம் ஆண்டில் ராபின் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், 'மாக் கணினி தட்டெழுத்துப் பொறி அன்று' எனப் பொருள்படும் தலைப்பில் எழுதிய சிறு நூல் இக்கருத்தைப் பலரிடம் கொண்டு சேர்த்தது.

விளக்கம் கேட்பதற்கு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆயின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. வாக்கியங்களுக்கு இடையே அகன்ற வெளி விடும் வழக்கம் டைப்ரைட்டர் பெற்ற பிள்ளை அன்று, வளர்த்த பிள்ளையே. பெற்றவர்கள் அச்சுக்கூடத்து ஈய எழுத்துக்களைக் கோத்தவர்கள்.

அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக் கழக அச்சகம் 1906 ஆம் ஆண்டில் தன் நடைமுறை விதிகளைத் தொகுத்து ஒரு கையேடாக வெளியிட்டது. இன்றளவும் புதிய பதிப்புகள் கண்டுவரும் நூல் அது. அதன் முதற்பதிப்பு எழுத்துக் கோக்கும்போது எங்கெங்கே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வரையறுக்கிறது. எழுத்தின் உயரத்துக்குச் சமமான அகலமுள்ள வெற்று ஈயக் கட்டைக்கு 'எம் குவாட்' என்று பெயர். சொற்களுக்கிடையிலும் காற்புள்ளிக்குப் பின்னும் இந்த எம்மில் மூன்றில் ஒரு பங்கு. அரைப்புள்ளிக்குப் பின் பாதி. முக்காற்புள்ளியை அடுத்துப் பெரிய எழுத்து வருமாயின் மூன்றில் இரண்டு பங்கு. வாக்கியத்தை முடிக்கும் முற்றுப்புள்ளிக்குப் பின் முழு எம். இதுவே கணக்கு. அதாவது வாக்கியங்களுக்கு நடுவே விடப்பட்ட வெளி, சொற்களுக்கு நடுவே விட்டதைப் போல மும்மடங்கு! அச்சகத்து எழுத்துக்களோ ஒவ்வொன்றும் வெவ்வேறு அகலம் உடையவை. சம அகல எழுத்துக்களால்தான் பெரிய இடைவெளி பிறந்தது என்னும் வாதம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

இந்தக் கணக்கின் அழகு நோக்கத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் நிறுத்தற்குறிகளை வாசிப்போர் மூச்சுவிடும் கால அளவாகவே கொண்டனர். காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று எண்ணச் சொன்னார்கள். தமிழ்ப் பள்ளிகளில் இவற்றையே ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை, நான்கு மாத்திரை என்று சொல்லிக் கொடுத்ததை மூத்தோர் நினைவுகூர்வர். குறியின் பெயரிலேயே கால், அரை, முக்கால், முழுமை என்னும் அளவு அமைந்திருப்பது தமிழுக்கு வாய்த்த சிறப்பு. சிக்காகோ கையேட்டின் இடைவெளிகளும் இதே வரிசையில் ஏறுகின்றன. வாய் எவ்வளவு நேரம் நிற்குமோ அதற்கேற்பக் கண்ணும் வெற்றிடத்தில் நிற்கட்டும் என்பது போன்ற ஏற்பாடு. கோத்த பரப்பை அளந்து கூலி தந்த காலத்தில் வெற்றுக் கட்டையும் அளவில் சேர்ந்தது உண்மையே. ஆனால் அகன்ற வெளிக்குக் கூலியாசை ஒன்றையே காரணமாகக் காட்டுவது அந்தத் தொழிலாளருக்கு இழைக்கும் அநீதியாகும்.

இனி டைப்ரைட்டருக்கு வருவோம். ஷோல்ஸ் என்பாரும் அவர் கூட்டாளிகளும் வகுத்த பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பெரிய எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. சிறிய எழுத்து 1878 இல் வந்த இரண்டாம் ரெமிங்டனில்தான் சேர்ந்தது. எல்லாமே பெரிய எழுத்தாயிருந்தால் வாக்கியத் தொடக்கத்தைப் பெரிய எழுத்தால் காட்டுவதெங்ஙனம்? புள்ளியும் வெளியுமே துணை. ஒரு விசையைத் தட்டினால் தாள் ஏந்திய வண்டி ஒரு படி நகரும். பரவலாக வழங்கிய பொறிகளில் ஓர் அங்குலத்துக்குப் பத்துப் படி. ஒன்றரைப் படி என்பது அந்தப் பொறிக்குத் தெரியாது. அச்சகத்தின் பெரிய இடைவெளியைப் பின்பற்ற விரும்பியவருக்கு இரண்டு தட்டு என்பதே கிட்டிய வழி.

பிறகு அச்சகமே தன் வழக்கத்தைக் கைவிட்டது. இதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. இயந்திரமும் காசும் பெருங்காரணங்கள். ஆட்மார் மெர்கன்தாலர் கண்ட லைனோடைப் இயந்திரம் 1886 இல் 'நியூயார்க் டிரிபியூன்' நாளேட்டில் வேலை தொடங்கியது. விசையைத் தட்டத் தட்ட எழுத்து அச்சுக்கள் வரிசையாக வந்து விழும். சொற்களுக்கு நடுவே ஆப்பு வடிவான ஓர் இடைப்பட்டை விழும். வரி நிறைந்ததும் ஆப்புகள் மேலேறி இடைவெளிகளைச் சமமாக விரிக்கும். ஈயம் பாய்ந்து முழு வரியும் ஒரே கட்டியாக வார்க்கப்படும். இந்த அமைப்பில் இடத்துக்கு ஓர் ஆப்பு என்பதே இயல்பு. வாக்கிய முடிவில் மிகுதி வெளி வேண்டுமானால் தனியே ஒரு வெற்று அச்சை விழச் செய்ய வேண்டும். விடிவதற்குள் ஏட்டை வெளியேற்ற வேண்டியவருக்கு வாக்கியந்தோறும் ஒரு தட்டு மிச்சமாவது சிறிய ஆதாயமா? தாளும் மிச்சமாயிற்று.

அழகு நோக்கியோரும் இதற்கு ஆதரவு தந்தனர். ஜெர்மனியில் பிறந்த யான் சிகோல்டு 1947 இல் இங்கிலாந்தின் பெங்குவின் நூல்களுக்காக வகுத்த விதிகளில், முற்றுப்புள்ளிக்குப் பின்னும் வரியின் மற்றச் சொல்லிடைவெளியே போதும் என்று கட்டளையிட்டார். பெரிய வெளிகள் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்று அமைந்தால், வெள்ளை ஓடை ஓடுவதுபோலத் தோன்றிக் கண்ணை இழுக்கும். அச்சுக் கலைஞர்கள் அதை வெறுத்தனர். நூற்றாண்டின் நடுவில் ஆங்கில நூல்களும் ஏடுகளும் பெரும்பாலும் ஒற்றை இடத்துக்கு மாறிவிட்டன. தட்டெழுத்துப் பள்ளிகளோ தாங்கள் கற்றதையே கற்பித்துக் கொண்டிருந்தன. பெற்றவர் கைவிட்ட பிள்ளையை வளர்த்தவரின் பிள்ளையென்றே உலகம் எண்ணியது இவ்வாறுதான்.

அமெரிக்க உளவியற் சங்கத்தின் எழுத்துக் கையேடு 2009 இல் வெளியான ஆறாம் பதிப்பில், கைப்படிகளில் இரண்டு இடம் விடுமாறு பரிந்துரைத்தது. 2019 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஒன்றே போதும் என்று மாற்றிக்கொண்டது. இடையில் 2018 இல் ஸ்கிட்மோர் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 60 மாணவரைக் கொண்டு, வாசிக்கும்போது கண் நகர்வதை அளந்தனர். இரண்டு இடம் விட்டுத் தட்டெழுதும் பழக்கமுடையவர்கள் இரட்டை இடைவெளியோடு அச்சிட்ட பகுதியைச் சற்று விரைவாகப் படித்தனர். ஆனால் படித்ததை விளங்கிக்கொண்டதில் வேறுபாடு இல்லை. சோதனைக்கு எடுத்த எழுத்தும் டைப்ரைட்டரைப் போன்ற சம அகல எழுத்து. இதை வைத்துக்கொண்டு இரு கட்சியாரும் வெற்றி முரசு கொட்டியது வியப்புக்குரியது.

தமிழுக்கு இவ்வினா சற்று வேறு முகங்கொண்டது. ஓலைச்சுவடியில் வாக்கியங்களுக்கிடையே மட்டுமன்று, சொற்களுக்கிடையேயும் வெளி இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்தின் புள்ளி கூட இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். சொல்லைப் பிரிப்பது படிப்பவர் கடமை. 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது முதல் தமிழ் ஈய எழுத்தைக் கண்டதாயினும், நிறுத்தற்குறிகள் தமிழ் உரைநடையில் வேரூன்றியது அச்சு பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். ஆங்கிலத்தில் அடுத்த வாக்கியத்தைப் பெரிய எழுத்து அறிவித்துவிடும். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. 'உ. வே. சா. 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.' இவ்வரியில் நான்கு புள்ளிகள் உள்ளன; வாக்கியத்தை முடிப்பது ஒன்றே. அது எதுவெனக் காட்டுவது இடைவெளியும் அன்று, எழுத்தின் பருமனும் அன்று; இறுதியில் நிற்கும் வினைமுற்று. அகன்ற இடைவெளி செய்யவேண்டிய வேலையைத் தமிழில் இலக்கணமே பெரும்பாலும் செய்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் பிறந்து சிங்கப்பூரில் பல்லாண்டுகள் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தபோது, புள்ளியை இரண்டு விதமாகக் கையாள வேண்டியிருந்தது. மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கு வண்டி நகரக்கூடாது. புள்ளியை முதலில் தட்டி, அதே இடத்தில் எழுத்தைப் பின்னர்த் தட்ட வேண்டும். முற்றுப்புள்ளியோ தனக்கென ஒரு படி நகர்ந்து, அதன் பின்னரே இடைவெளிக் கட்டைக்கு இடம் விட்டது.