ஐந்தாண்டு வரம்பும் காலி நாற்காலிகளும்: தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல் சட்டம், 1994–2025

2016 அக்டோபர் 3 அன்று தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கான வேட்புமனு தாக்கல் முடிந்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அந்த மாதம் 24ஆம் தேதியோடு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஊரகத்தில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2020 ஜனவரியில்தான் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் கிடைத்தார்கள். நகரங்கள் 2022 வரை காத்திருந்தன. அதாவது, ஒரு மாநகராட்சி மன்றத்தின் முழுப் பதவிக்காலத்துக்கும் கூடுதலான காலம் மன்றமே இல்லாமல் கழிந்தது.

அரசமைப்புச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஊராட்சிகளின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்கிறது பிரிவு 243-இ. அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இவ்வளவு தெளிவான கட்டளை எந்த இடத்தில் பிடி நழுவுகிறது என்பதே இக்கட்டுரை தேடும் கேள்வி.

அந்தக் கட்டளை பிறந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்கு 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்தது 1996இல். மாநில அரசு விரும்பினால் தேர்தல், இல்லையென்றால் அதிகாரிகளின் ஆட்சி என்பதே நடைமுறை. இதை மாற்றத்தான் 1993இல் 73, 74ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. தேர்தலை நடத்தும் முழுப் பொறுப்பும் பிரிவு 243-கேயின் கீழ் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட, 1996 அக்டோபரில் புதிய சட்டத்தின்படி முதல் தேர்தல் நடந்தது.

ஆனால் தேர்தலுக்கு முந்தைய இரண்டு வேலைகள் அரசின் கைக்குள்ளேயே இருந்தன: வார்டு எல்லைகளை வகுப்பது, எந்த இடம் யாருக்கு ஒதுக்கீடு என்று அரசிதழில் அறிவிப்பது. இவை முடியாமல் ஆணையம் தேதி குறிக்க முடியாது. கிராம ஊராட்சி வாக்காளர் கையில் நான்கு வாக்குச்சீட்டுகள் தரப்படுகின்றன. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வேறொரு நிறம். இந்த ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் தனித்தனி எல்லை, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் என்று தனித்தனி ஒதுக்கீடு, தனிச் சுழற்சி உண்டு. பெண்களுக்கான பங்கு 2016இல் 50 விழுக்காடு ஆனபோது கணக்கு இன்னும் சிக்கலானது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளில் இதில் ஒரு கண்ணி பிசகினாலும் வழக்குக்கு வாசல் திறந்துவிடும்.

ஒதுக்கீட்டை அரசிதழில் அறிவித்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் சாட்சி. தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தல் நடத்த முடியவில்லை, அல்லது வென்றவர் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவியேற்று நிலைத்தார்கள். மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உரிய காலத்தில் தேர்தல் என்பதை வெறும் நிர்வாக ஒழுங்காகப் பார்ப்பவர்கள் இந்த ஊர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டுத் தலைவருக்கு ஐந்தாண்டுப் பதவி என்பது உயிரைப் பணயம் வைத்து வாங்கிய காலம்.

அதே 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் தீர்ப்பளித்தது. மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குத் தன் எல்லைக்குள் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு நிகரான அதிகாரம் உண்டு. மனிதர் உண்டாக்கும் காரணங்களைக் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது. அரசு ஒத்துழைக்க மறுத்தால் ஆணையமே உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாம் என்று அது சொன்னது. இந்தக் கடைசி வழிதான் தமிழ்நாட்டில் நடக்காத பாதையாகக் கிடக்கிறது. இங்கே வழக்குத் தொடுப்பவை பெரும்பாலும் அரசியல் கட்சிகளும் தனிமனிதர்களும். ஆணையமோ எதிர்மனுதாரராக நின்று அவகாசம் கேட்கிறது.

2016 உத்தரவின் விளைவு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாக இல்லை என்பது திமுக தரப்பின் வாதம். தேர்தல் அறிவிப்பு 1995ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளுக்கு முரணாக அவசரமாக வெளியானது என்று தனி நீதிபதி கண்டார். குறை உண்மையானதே. ஆனால் தேர்தல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் தேர்தல் மனு வழியாக அன்றி நீதிமன்றம் தலையிடக் கூடாது என்கிறது பிரிவு 243-ஓ. 2016 டிசம்பர் 31க்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அதே உத்தரவில் விதித்த கெடு காற்றோடு போனது. 2017 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, நவம்பர் 17க்குள் நடத்தச் சொன்னது. அதுவும் நடக்கவில்லை. விதி மீறலைத் திருத்த வந்த ஆணை, அதைவிடப் பெரிய அரசமைப்பு மீறலுக்கு வழிவிட்டுவிட்டது.

இடையில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வார்டுகளைத் திருத்த, 2017இல் மறுவரையறை ஆணையம் சட்டத்தின் மூலம் வந்தது. மாநிலத் தேர்தல் ஆணையரே அதன் தலைவர் என்பது நல்ல திருப்பம். ஆனால் 2019இல் அரசு பழைய நான்கு மாவட்டங்களைப் பிரித்து ஒன்பதாக்கியது. மாவட்ட எல்லை மாறினால் மாவட்ட ஊராட்சியின் எல்லையும் மாற வேண்டும். 2019 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஒன்பது மாவட்டங்களை விலக்கி, மற்ற 27இல் தேர்தல் நடக்க அனுமதித்தது. ஒன்பதுக்கும் கொடுத்த அவகாசம் நான்கு மாதம். தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்.

மேயரை மக்களே தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்களா என்ற விதியும் இதே காலத்தில் அலைந்தது. 2011இல் நேரடித் தேர்தல், 2016இல் மறைமுகம், 2018இல் மீண்டும் நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகம். 2016க்கும் 2022க்கும் இடையே ஒரு மேயர் தேர்தல்கூட நடக்காமலே சட்டம் இத்தனை முறை மாறியது.

27 மாவட்டங்களில் (மயிலாடுதுறை பிரிந்தபின் 28) 2020இல் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மறுவரையறை பாக்கி என்ற காரணம் மறுபடியும் வந்தது. தனி அலுவலர்களை முதலில் ஆறு மாதத்துக்கு நியமிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒன்றியம் முழுவதையும் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒவ்வொரு கிராமத்தின் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பொறுப்பாவது இனி இங்கே புதிய செய்தியல்ல. அதே ஆண்டு ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் திருத்தங்கள் பேரவைக்கு வந்தன. நெடுநாளாக வந்திருக்க வேண்டிய சட்டம் இது. ஆனால் அந்தப் பெரும்பான்மை மாவட்டங்களின் கிராமங்களில் அவர்கள் உட்கார அப்போது மன்றமே இருக்கவில்லை.

பிற மாநில வழக்குகளில் ஒரு விடை கிடைக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சுரேஷ் மகாஜன் வழக்கில் (2022 மே), மறுவரையறை முடியாவிட்டால் முன்பிருந்த வார்டுகளைக் கொண்டே தேர்தலை நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டு வழக்கால் ஆண்டுக்கணக்கில் தேங்கிய மகாராஷ்டிரத் தேர்தல்களை 2025 மே மாதம் நான்கு மாதக் கெடு விதித்து நகர்த்தியதும் அதே நீதிமன்றம்தான். தமிழ்நாட்டின் ஊராட்சிகள் சட்டத்திலும் நகர்ப்புறச் சட்டத்திலும் ஒரு விதியைச் சேர்த்தால் போதும்: பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போது எந்த எல்லையும் ஒதுக்கீட்டுப் பட்டியலும் அரசிதழில் இருக்கிறதோ, அடுத்த தேர்தல் அதன்படியே நடக்கும். அதற்குப் பின் பிரிக்கப்படும் மாவட்டமும் திருத்தப்படும் வார்டும் அதற்கடுத்த தேர்தலுக்கே பொருந்தும்.