கடப்பாரையைக் கீழே வைத்த ராத்திரி: திருவண்ணாமலை, 1924

சின்ன வயசுல நாம படிச்ச சாகசக் கதைகள்ல ஒரு ஃபார்முலா இருக்கும். பையன் ரொம்பக் கோபக்காரன். கோபத்தால ஒரு தடவை தோத்துப் போவான். ஒரு பெரியவர் புத்தி சொல்வார். கடைசி அத்தியாயத்துல அவன் பல்லைக் கடிச்சிக்கிட்டு அமைதியா நின்னு ஜெயிச்சிடுவான். படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கோபத்தை அடக்குற அந்த நிமிஷத்துல உள்ள என்ன நடக்குதுன்னு கதை சொல்லாது. அதை வரலாற்றுல தேடினா, திருவண்ணாமலையில ஒரு ராத்திரி கிடைக்குது.

அதுக்கு முன்னாடி ஒரு பையனைப் பார்ப்போம். பேரு வேங்கடராமன். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். நல்ல உடல் பலம், விளையாட்டில் கெட்டிக்காரர். நேருக்கு நேர் மோத மத்த பசங்களுக்குப் பயம். ஆனா தூங்கினா இடி விழுந்தாலும் எழமாட்டார். அதனால் கோபம் இருந்த பசங்க அவர் தூங்கும்போது தூக்கிட்டுப் போய், இஷ்டத்துக்கு அடிச்சி, திரும்பக் கொண்டுவந்து படுக்க வச்சிடுவாங்களாம். காலையில் அவருக்கு எதுவுமே தெரியாது.

1896 ஆகஸ்ட் 29. அண்ணனின் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு ரயில் ஏறினார். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலில் இருந்தார். வயசு 16.

ஆயிரங்கால் மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தவரை ஊர்ப் பசங்க விடலை. தன் வயசுப் பையன் சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கானேன்னு கல்லும் ஓட்டுச் சில்லும் எறிந்தார்கள். அவர் அதே மண்டபத்தின் அடியில் இருக்கிற பாதாள லிங்கக் குகைக்குள் போய்விட்டார். இருட்டு, ஈரம், பூச்சி. தொடையெல்லாம் புண்ணாகி ரத்தமும் சீழும் வடிந்தது. பசங்க அங்கேயும் வாசலில் நின்று எறிந்தார்கள். இந்த இடத்தைக் கவனிங்க: அந்தப் பையன் திருப்பி அடிக்கலை. ஆனா பெரியவங்க சும்மா இருக்கலை. சேஷாத்ரி சுவாமிகள் பசங்களை விரட்டிப் பார்த்தார். பிறகு வேங்கடாசல முதலியார் என்பவர் கம்பை எடுத்துக்கொண்டு துரத்தினார். சிலர் சேர்ந்து அந்தப் பையனைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பொறுமை ஒருத்தரோடது, பாதுகாப்பு மத்தவங்களோடது. இதை மனசுல வச்சுக்குங்க.

இப்போ 28 வருஷம் தாண்டுவோம். அந்தப் பையன்தான் ரமண மகரிஷி. 1922ல் அம்மா அழகம்மாள் மறைந்தபின், மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றி ஆசிரமம் உருவாகிக்கொண்டிருந்தது. பெரிய கட்டடம் எதுவும் இல்லை, ஓலைக் கொட்டகைதான். ஆனா நிறைய பேர் வந்து போறாங்க, நிச்சயம் பணம் இருக்கும்னு சிலர் கணக்குப் போட்டார்கள்.

1924 ஜூன் 26, ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். ஜன்னலை உடைக்கிற சத்தம். உள்ளே ரமணரோடு குஞ்சு சுவாமி, மஸ்தான், தங்கவேலு பிள்ளை, முனிசாமி. குஞ்சு சுவாமி கேரளத்திலிருந்து 1920ல் வந்தவர், அப்போ இருபதுகளின் பிற்பகுதி, கிட்டத்தட்ட என் வயசு. அவர் பின்கதவைத் திறந்து பக்கத்துக் குடிசையில் இருந்த ராமகிருஷ்ண சுவாமியை எழுப்பினார். அந்தக் கதவு வழியா ஓடின ஆசிரம நாய்கள் திருடர்களிடம் அடி வாங்கின.

உள்ளே வந்து இருக்கிறதை எடுத்துக்கொள்ளலாம் என்று ரமணர் சொல்லிப் பார்த்தார். திருடர்கள் நம்பலை. பட்டாசு வெடித்துத் துப்பாக்கி இருக்கிற மாதிரிக் காட்டினார்கள், கூரைக்குத் தீ வைப்போம் என்றார்கள். அது வேண்டாம், நாங்களே வெளியே போகிறோம் என்றார் ரமணர். ஆனா முதலில் அடிபட்ட கறுப்பன் என்ற நாயைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் புறப்பட்டார். வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் கம்படி. ரமணருக்கு இடது தொடையில். போதவில்லை என்றால் இன்னொரு காலிலும் அடிக்கலாம் என்றாராம். காயத்தைப் பற்றிக் கேட்டபோது, தனக்கும் பூசை கிடைத்தது என்று சிரித்தார். தமிழ் தெரிஞ்சவங்களுக்கு அந்தச் சிலேடை புரியும்.

இங்கேதான் கதையின் உச்சம். தொடையில் இருந்த தடிப்பைப் பார்த்ததும் ராமகிருஷ்ண சுவாமிக்கு ரத்தம் கொதித்தது. கடப்பாரையைக் கையில் எடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டார். ரமணர் தடுத்தார். கோபப்படாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தலை, காரணங்களை அடுக்கினார். நாம் சாதுக்கள், நம் தர்மத்தை விடக்கூடாது. நீ போய் அடித்து யாராவது செத்தால் பழி நம் மேல்தான். அவர்கள் அறியாமையில் செய்கிறார்கள். கடைசியா ஒரு கேள்வி: பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லைத் தட்டி எடுத்துவிடுவோமா?

கடப்பாரை கீழே போனது. திருடர்களுக்குக் கிடைத்தது சாமிக்குச் சாத்தும் சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, மாம்பழம் என எல்லாம் சேர்த்துப் பத்து ரூபாய் மதிப்புள்ள பொருட்கள், கூடவே கொஞ்சம் பணம். ராத்திரி ரெண்டு மணி வாக்கில் போய்விட்டார்கள்.

இந்தக் கதையை நிறைய பேர் இங்கேயே முடிச்சிடுவாங்க. ஆனா அந்த நேரத்துல குஞ்சு சுவாமி எங்கே இருந்தார்? இருட்டுல ஊருக்குள்ள போய்ப் போலீஸைக் கூட்டிட்டு வந்தார். என்ன நடந்ததுன்னு கேட்ட போலீஸிடம், யாரோ விவரம் தெரியாதவர்கள் வந்து ஏமாந்து போனார்கள் என்கிற அளவுக்குத்தான் ரமணர் சொன்னார். முனிசாமி போலீஸ் பின்னாலேயே ஓடி, சுவாமியையும் அடித்தார்கள் என்று சொன்னார். சில நாட்களில் திருடர்கள் பிடிபட்டார்கள், கோர்ட்டில் தண்டனையும் கிடைத்தது.

என் துறையில் நடுராத்திரி சர்வர் படுத்தா முதல் விதி ஒண்ணு உண்டு: பதட்டத்துல எதையும் அழிக்காதே, ஏற்கெனவே எழுதி வச்ச படிகளைப் பின்பற்று. ராமகிருஷ்ண சுவாமி கடப்பாரையைக் கீழே வைக்க முடிஞ்சதுக்குக் காரணம் அவருக்குக் கோபம் வராததல்ல. நாம் யார், நாம் எதைச் செய்யமாட்டோம் என்கிறது அந்த ராத்திரிக்கு முன்னாடியே முடிவாகி இருந்தது. அதை ஞாபகப்படுத்த ஒருத்தர் பக்கத்துல இருந்தார்.

இன்னொண்ணும் சொல்லணும். ஸ்கூல்ல அடி வாங்கிட்டு வர்ற குழந்தைகிட்ட, பாரு ரமணர் எவ்வளவு பொறுமையா இருந்தார்னு இந்தக் கதையைச் சொல்லாதீங்க. அந்தப் பொறுமை துறவை ஏற்றுக்கொண்டவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. குழந்தைக்குத் தேவை 1896ல் கம்போடு வந்த முதலியாரும், 1924ல் போலீஸைத் தேடிப் போன குஞ்சு சுவாமியும். கையில் எடுத்த கடப்பாரையைக் கீழே வைக்கக் கத்துக்கொடுங்க. கூடவே, யாரிடம் போய்ச் சொல்லணும்னும் கத்துக்கொடுங்க.