கணக்குக் கேட்ட காலம்

கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்கு 'வாட்டர்கேட்' என்றால் மதகுதான் ஞாபகம் வரும். அது வாஷிங்டனில் ஒரு கட்டடம். 1972 ஜூனில் அங்கிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள்; அதை மூடி மறைக்கப் போய், 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சனே பதவி விலகினார்.

அதே 1972 அக்டோபரில் இங்கே எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் கணக்குக் கேட்டார். கட்சியை விட்டே நீக்கிட்டாங்க. அவர் தொடங்கிய அ.தி.மு.க., 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவரை நிறுத்தி ஜெயித்தது. ஆளுங்கட்சிக்கு மூன்றாமிடம்! அன்று தேனியும் திண்டுக்கல்லும் ஒரே மதுரை மாவட்டம். அதே மாதம்தான் அமெரிக்காவில் செனட் விசாரணை டி.வி.யில் ஓடத் தொடங்கியது. ஆண்டுக் கடைசியில் பெட்ரோல் விலையும் ஏற, இரு நாட்டிலும் விலைவாசி பிடி நழுவியது.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ஒலிநாடாக்களைக் கொடு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது, அதிபர் பணிந்தார். இங்கே அலகாபாத் தீர்ப்பு இந்திரா காந்திக்கு எதிராக வந்ததும், 1975 ஜூனில் நெருக்கடி நிலை! 1976 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த டெல்லி, சர்க்காரியா கமிஷனும் போட்டது. தன் கணக்கைக் காட்டாதவர் அடுத்தவரிடம் கேட்ட கணக்கு அது. 1977-ல் ஓட்டுப்பெட்டி டெல்லியிடமும் கணக்குக் கேட்டது.

தம்பி தங்கைகளே, கணக்குக் கேளுங்க. நம்ம கணக்கையும் எடுத்து வைங்க.