தொழிற்சாலைத் தண்ணீரின் கதை



“நீடித்த நிலைத்தன்மை”, “மின்னிலக்க உருமாற்றம்” என்ற இரண்டு சொற்களும் தொழில்துறைக் கூட்டங்களில் இப்போது தவறாமல் ஒலிக்கின்றன. கேட்டால் நேற்று பிறந்தவை போல இருக்கும். சிங்கப்பூரைப் பொறுத்தவரை இவற்றின் வேர் ஜூரோங் சதுப்பு நிலத்தில், ஒரு தண்ணீர்க் குழாயில் இருக்கிறது.

1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை இங்கே தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. வாளிகளை நிரப்பி வைத்துக் காத்திருந்த அந்தக் காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே 1963இல்தான் ஜூரோங்கில் இரும்பு எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. குடிக்கவே தண்ணீர் போதாத தீவில் ஆலைகளா? டாக்டர் கோ கெங் சுவீயின் ஜூரோங் திட்டத்தைப் பலர் கேலி செய்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

அதற்குக் கிடைத்த விடை அதிகம் பேசப்படுவதில்லை. உலு பாண்டான் நிலையத்தில் சுத்திகரித்த கழிவுநீரை மேலும் தெளியவைத்து, 1966 முதல் ஜூரோங் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். குடிக்க முடியாத தண்ணீர்தான். இயந்திரத்தைக் குளிர்விக்கவும் கழுவவும் அது போதும். “மறுபயனீடு” என்ற சொல் பரவுவதற்கு முன்பே நம் ஆலைகள் அதைச் செய்துகொண்டிருந்தன.

1968இல் பகுதி மின்கடத்தி நிறுவனங்கள் வரத் தொடங்கின. முதலில் நடந்தது பொருத்தும் வேலை. அதற்குத் தண்ணீர் அவ்வளவாகத் தேவையில்லை. 1984இல் அங் மோ கியோவில் சிலிக்கான் வட்டு ஆலை வந்தபோது நிலைமை மாறியது. சில்லு செய்யும் வட்டைப் பல கட்டங்களில் அமிலத்தில் நனைத்துக் கழுவ வேண்டும். கழுவும் நீரில் உப்போ தூசியோ துளி இருந்தாலும் வட்டு கெட்டுவிடும். நாம் குடிக்கும் தண்ணீர் அதற்கு அழுக்குத் தண்ணீர்!

இங்கேதான் புதுநீர் வருகிறது. 1974இல் நடந்த முதல் முயற்சி, செலவு அதிகமானதால் ஓராண்டு சொச்சத்தில் நின்றுபோனது. சவ்வு வடிகட்டிகள் தேறி விலையும் குறைந்த பிறகு, 2000இல் பிடோக்கில் சோதனை ஆலை எழுந்தது. 2002 தேசிய தினக் கொண்டாட்டத்தில் மக்கள் புதுநீர்ப் போத்தலை உயர்த்திக் குடித்த காட்சி நினைவிருக்கும். ஆனால் 2003இல் பிடோக், கிராஞ்சி ஆலைகள் திறந்தபோது அந்தத் தண்ணீர் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது தெம்பனிஸ், உட்லண்ட்ஸ் வட்டு ஆலைகளுக்குத்தான். குழாய்த் தண்ணீரைவிடக் கரைந்த உப்பு அதில் குறைவு என்பதால், அதை மேலும் தூய்மையாக்குவது அவர்களுக்கு எளிதாயிற்று.

சரி, மின்னிலக்கம் எங்கே வந்தது? என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில் நான் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். மாதத்திற்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். ஒரு முறை நிலத்தடிக் குழாய் ஒன்று கசிந்தது. தண்ணீர்க் கட்டணம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அத்தனை நாளும் ஓடிய தண்ணீரை யார் திருப்பித் தருவது?

வட்டு ஆலையில் இந்தச் சிக்கல் இன்னும் பெரியது. முதல் கழுவலில் வரும் நீர் அமிலம் நிறைந்தது. கடைசிக் கழுவலின் நீரோ ஏறக்குறைய சுத்தமானது. இரண்டும் ஒரே குழாயில் கலந்தால் நல்ல நீரும் வீண். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருந்தால் தண்ணீர் அதற்குள் போய்விடும். இன்று குழாயிலேயே இருக்கும் உணர்கருவி மின்கடத்துத்திறனை நொடியில் அளக்கிறது. கணினி அடைப்பிதழைத் திருப்பி, நல்ல நீரை மறுசுழற்சிக்கும் கெட்டதைச் சுத்திகரிப்புக்கும் பிரித்தனுப்புகிறது. ரோபோவைவிட இந்தச் சின்ன அடைப்பிதழே எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிகிறது.

அரசாங்கமும் அளவீட்டையே பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு 60,000 கன மீட்டருக்கும் மேல் தண்ணீர் பயன்படுத்தும் நிறுவனங்கள் எங்கெங்கே எவ்வளவு போகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும் என 2015இல் விதி வந்தது. 2024 ஜனவரி முதல், புதிய வட்டு ஆலை, மின்னணுவியல், உயிர்மருத்துவத் திட்டங்களுக்கு நீர் மறுசுழற்சி கட்டாயமாயிற்று. நாட்டின் தண்ணீர்த் தேவையில் பாதிக்கும் மேல் வீடுகளுக்கு வெளியே செலவாகும்போது, நாம் வீட்டில் குழாயை இறுக்கி மூடினால் மட்டும் போதாதல்லவா?

என் கவலையெல்லாம் அந்த 60,000 கன மீட்டருக்குக் கீழே இருக்கும் சிறிய பட்டறைகள் பற்றித்தான். உணர்கருவி வாங்கும் பணமும், அது காட்டும் எண்ணைப் புரிந்துகொள்ளும் ஆளும் அங்கே குறைவு. நான் அன்று எழுதிய நோட்டுப் புத்தகம் போன்ற ஒன்று, அத்தகைய பட்டறை ஒன்றில் மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குவதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு பார்த்தேன். கடைசியாக எழுதியிருந்த தேதி, இரண்டு மாதத்திற்கு முந்தையது.