துணைத்தேர்வும் இரு தாள்களும் : மடுல்சீமையை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகத் தமிழரின் மணவாழ்வு வரலாற்றை 1869ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் பொருந்தும். இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்த இலைநோய் அவ்வாண்டில் முதன்முதலாகக் காணப்பட்டது மடுல்சீமையிலேயாகும். இலைநோய்க்கும் திருமணத்துக்கும் என்ன தொடர்பு என வினவலாம். கோப்பி பருவப் பயிர். பறிக்க வந்தோர் பெரும்பாலும் ஆண்கள். பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டியிருந்தன. பெண்கள் மிகுதியாக வந்தனர். குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. துணைதேடலும் தோட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

சாதி, முறை, தாய்மாமன் உரிமை என்னும் பழைய அளவுகோல்களும் உடன் வந்தன. ஆயினும் சில லயங்களுக்குள் இவையனைத்தும் பொருந்திய வரன் எளிதிற் கிடைப்பதன்று. எதனை விட்டுக்கொடுப்பது என்பதே மணப்பேச்சின் சாரமாயிற்று. மாசி மாதத்துக் காமன் கூத்தில் இரதிக்காக விடியும்வரை இரங்கிய பெரியோருட் பலர், தம் மகள் கொழுந்து மலையில் தானே தேர்ந்த துணையை ஏற்கத் தயங்கியமை ஈண்டு நினைக்கத்தக்கது. குடியும் முரட்டுக் குணமும் உடைய கணவனைப் 'பொறுத்துப்போ' என்ற அறிவுரையோ பெண்ணுக்கே உரியதாயிருந்தது.

இவற்றோடு ஒரு தாளும் குறுக்கிட்டது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தமைக்குச் சான்றான 'துண்டு' இன்றி, 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, தொழிலாளி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. அயல்தோட்டத்து மாப்பிள்ளையின் குணத்தோடு அவன் கடனையும் எண்ணவேண்டியிருந்தது.

இரண்டாவது தாள் மேலும் கொடியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களை, 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாற் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர். 1970 ஏப்ரல் இறுதிக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். பெண்வீட்டார் இலங்கைக்கும் ஆண்வீட்டார் இந்தியாவுக்கும் விண்ணப்பித்திருப்பின், அவனை ஏற்பது பெற்றோரைப் பிரிவதாகவே முடியக்கூடும். சோம்பலைத் திருத்தலாம், கோபத்தைப் பொறுக்கலாம், இக்குறையோ அவன் செய்ததுமன்று, அவளாற் பொறுத்துத் தீர்வதுமன்று. துணையின் குறை எனப்படுவதை இங்கு வகுத்தது அரசே என்பது எமது கருத்து.

1984இல் தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றது. இந்தியப் பிரஜாவுரிமை பெற்றும் போகாதோர் பலர் தோட்டங்களிலேயே தங்கினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அத்தகையோர்க்கும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழிசெய்தது. அத்தாளை அஞ்சி அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் வேண்டாமென மறுத்த பெண்ணொருத்தி, மறுக்கப்பட்டவனை அதே பசறைச் சந்தையிற் கண்டிருத்தலுங்கூடும்.