கச்சத்தீவில் இரு கரைகளின் அந்தோனியார்

சானமாவிலிருந்து ஓசூர் வழியாக வடக்கே செல்கிறவர்கள் அத்திப்பள்ளியில் ஒரு மாநில எல்லையைக் கடக்கிறார்கள். பேருந்தில் கண்ணயர்ந்திருப்பவர் அதை அறிவதுமில்லை. பாக் நீரிணையில் உள்ள எல்லைக்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆயினும் அதைத் தாண்டிய மீனவன் சிறைக்குப் போகிறான், சில வேளைகளில் உயிரையே இழக்கிறான். அந்த எல்லைக்கு அப்பால், இலங்கை மண்ணில், நம் மீனவர் ஆண்டுக்கொரு முறை கடவுச்சீட்டின்றிச் சென்று வழிபடும் கோயில் ஒன்று உண்டு. அதுவே கச்சத்தீவுப் புனித அந்தோனியார் கோயில்.

ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவில் குடியிருப்போர் எவருமில்லை, குடிநீரும் இல்லை. இராமநாதபுரம் ஜமீனுக்கு உரியதாகக் கருதப்பட்ட நாள்களில் இக்கரை மீனவர் அங்கே இறங்கி வலை உலர்த்தினர், இளைப்பாறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளை சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் கோயிலை எழுப்பினார் என்பது இக்கரையின் வாய்மொழி மரபு. பிறகு அது யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் கண்காணிப்பில், நெடுந்தீவுப் பங்கின் பொறுப்பில் அமைந்தது.

மீனவரின் பாதுகாவலர் என்றால் பேதுருவும் அந்திரேயாவும் அல்லவா நினைவுக்கு வரவேண்டும்? அவர்கள் வலை வீசிய கைகள். அந்தோனியாரோ லிஸ்பனில் பிறந்து கல்வியில் வளர்ந்த துறவி. ஆனால் மொரோக்கோவுக்கு மறைபரப்பச் சென்று, நோயுற்றுத் திரும்புகையில், 1221இல் அவரது கப்பல் புயலில் சிக்கிச் சிசிலித் தீவில் ஒதுங்கியது. போக நினைத்த கரை ஒன்று, சேர்ந்த கரை வேறு. ரிமினி நகரில் மனிதர் செவிகொடாதபோது அவர் மீன்களுக்குப் போதித்தார் என்ற கதையும் உண்டு. அக்கதையை ஆய்வாளர் எப்படி எடைபோட்டாலும், காற்றையும் மீனையும் நம்பி வாழ்கிறவனுக்கு இப்புனிதர் அந்நியர் அல்லர்.

அவரது திருநாள் ஜூன் 13. கச்சத்தீவிலோ வாடைக்காற்று அடங்கி, சோழகம் எழுமுன், கடல் அமைதியாயிருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விழா நடைபெறுகிறது. பெரும்பாலும் தவக்காலமாதலால் கொடியேற்றத்தோடு சிலுவைப்பாதையும் சேர்ந்துகொள்கிறது. மாலையில் தேர்பவனி, மறுநாள் காலையில் கூட்டுத் திருப்பலி. இக்கரையிலிருந்து செல்வோருக்கான ஏற்பாடுகளை இராமேசுவரம் வேர்க்கோடு பங்கு கவனிக்கிறது. முற்காலத்தில் இரு கரையினரும் பண்டமாற்றுச் செய்ததும், உறவுகளைக் கண்டு நலம் விசாரித்ததும், பெண் கொடுத்து எடுத்ததும் இவ்விழாவில்தான். எனக்கு அது விழாவுக்கு வெளியே நடந்த காரியமாகத் தோன்றவில்லை.

1921இல் சென்னை, இலங்கை அரசுகளின் பிரதிநிதிகள் கூடி மீன்பிடி எல்லையைப் பேசியபோதே தீவின் உரிமை கேள்விக்குள்ளாயிற்று. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கையால் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் வந்தது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணிகளும் பயண ஆவணமோ விசாவோ இன்றி, முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்றது. இரு தலைநகரங்களின் உடன்படிக்கையில் ஆளில்லாத் தீவின் சிறு கோயில் விழாவுக்கு இடம் கிடைத்தது வியப்புத்தான். ஆனால் 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கலாகாது என்றன. ஆக, ஜெபமாலையோடு வருகிறவனுக்கு வழி உண்டு. வலையோடு வருகிறவனுக்கு இல்லை. இருவரும் ஒரே மனிதர் என்பதை எந்தக் கடிதமும் எண்ணிப் பார்க்கவில்லை.

1983க்குப் பின் மூண்ட போர் விழாவைப் பல ஆண்டுகள் முடக்கியது. போர் முடிந்தபின் 2010இல் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் கூடினர். இலங்கைக் கடற்படையினர் கட்டிய புதிய கோயிலை 2016 டிசம்பர் 23 அன்று யாழ்ப்பாண ஆயர் ஜஸ்ரின் ஞானப்பிரகாசம் திறந்துவைத்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2017 மார்ச் 6 அன்று தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு விழாவை இராமேசுவரத்து மீனவர் புறக்கணித்தனர். 2024 பிப்ரவரியிலும், மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து இக்கரைப் படகுகள் புறப்படவில்லை. தம் துயரை உலகுக்குச் சொல்ல அம்மக்களிடம் வேறு மேடை இல்லாமற்போயிற்று.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கச்சத்தீவு நம் மேடைகளில் ஏறி இறங்குகிறது. அங்கே பேசப்படாத ஒன்று உண்டு. நம் விசைப்படகுகளின் இழுவை மடி கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்கிறது. போரினால் ஆண்டுக்கணக்கில் தொழிலிழந்து, கடன்பட்டு வலை வாங்கிய வடஇலங்கை மீனவனின் வலைகளை அதுவே அறுத்துவிடுகிறது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. வலையை இழந்தவனும் தமிழன். பலர் நம்மைப் போலவே கத்தோலிக்கர். அவனும் அந்தோனியாருக்குத்தான் மெழுகுதிரி ஏற்றுகிறான். நம் மீனவன் சிறையில் வாடுவதற்காக நாம் ஜெபிக்கிறோம், தவறில்லை. ஆனால் காணிக்கையோடு பீடத்தண்டை வருகிறவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால் முதலில் போய் உறவாடி வரவேண்டும் என்றார் ஆண்டவர். கச்சத்தீவில் அந்தச் சகோதரனைத் தேடிப் போகவேண்டியதில்லை. அதே மணலில், அதே திருப்பலியில், நாலடி தள்ளி நிற்கிறான்.

2025 மார்ச்சில் இக்கரையிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் விழாவுக்குச் சென்றனர். வெள்ளி மாலை கொடி ஏறியது. சனி காலை திருப்பலி முடிந்து இரு கரையினரும் தத்தம் படகுகளில் ஏறினர். திருப்பயணிகளை இறக்கிவிட்ட விசைப்படகுகள், அடுத்த தொழில்நாளில் இழுவை மடியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் அந்தத் திசை நோக்கியே புறப்படுகின்றன.