தலைவரும் துணைவரும்: துப்பறியும் குழு உருவான வரலாறு

துப்பறியும் கதையை மக்கள் நாடுவது குற்றவாளி யார் என்று அறிவதற்காகவே என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், பல்லாண்டு நீடித்த தொடர்களின் வரலாறு அக்கூற்றுக்குத் துணை நிற்பதில்லை. 1998 ஜனவரியில் சோனி தொலைக்காட்சியில் தொடங்கி 2018 அக்டோபர் 27 வரை ஒளிபரப்பான ‘சி.ஐ.டி.’ என்னும் இந்தித் தொடர் 1,500-க்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்டது. அவற்றில் எந்தக் கொலையை யார் செய்தார் என்று நினைவிலிருந்து சொல்லக்கூடியவர் அரிது. ஆனால் பூட்டிய கதவை உடைப்பவர் யார், சவத்தை ஆராய்பவர் யார், பேய் என்றதும் நடுங்குபவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாத பார்வையாளர் அதைவிட அரிது. குற்றத்தை மறந்து குழுவை நினைவில் வைக்கும் இந்த வழக்கம் தொலைக்காட்சியோடு தோன்றியதன்று. தமிழ் வாசகரிடையே அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கால முன்வரலாறு உண்டு.

தொடரின் தலைப்பாக அமைந்த மூன்றெழுத்துகள் குற்றப் புலனாய்வுத் துறையைக் குறிப்பவை. 1902–03-இல் ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையில் அமைந்த காவல்துறை ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களில் அத்துறை உருவாக்கப்பட்டது. காலப்போக்கில் அவ்வெழுத்துகள் துறையைவிட்டு ஆளைக் குறிக்கத் தொடங்கின. தமிழ்ப் பேச்சில் ‘சி.ஐ.டி.’ என்றாலே மாறுவேடத்தில் வரும் துப்பறிவாளர் என்று பொருளாயிற்று. ஜெய்சங்கர் நடித்து 1970-இல் வெளிவந்த ‘சி.ஐ.டி. சங்கர்’ அந்தப் பொருளிலேயே பெயர் பெற்ற படமாகும்.

தமிழின் தொடக்ககாலத் துப்பறிவாளர்கள் தனியாட்கள். ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் ஆகியோர் எல்லாம் அறிந்தவர்களாகவும், வாசகரின் வியப்புக்கு உரியவர்களாகவும் படைக்கப்பட்டனர். அவர்களைச் சுற்றி நின்றவர்கள் கேள்வி கேட்பதற்கும் திகைப்பதற்கும் மட்டுமே பயன்பட்டதால், வாசகரின் அன்பு வேறொருவர் பக்கம் திரும்ப அக்கதைகளில் இடமே இல்லை.

முதல் மாற்றத்தை 1942-இல் ‘ஆனந்த விகட’னில் தேவன் எழுதத் தொடங்கிய ‘துப்பறியும் சாம்பு’ கொண்டுவந்தது. வங்கிக் குமாஸ்தாவாக இருந்த சாம்புவுக்குத் துப்பறியும் திறமை ஏதும் கிடையாது. தற்செயலாக நிகழ்வனவெல்லாம் அவருக்குச் சாதகமாக முடிய, இன்ஸ்பெக்டர் கோபாலன் அவற்றைச் சாம்புவின் மேதைமை என்றே நம்புகிறார், மனைவி வேம்புவும் அந்தப் புகழில் பங்கு கொள்கிறாள். புத்திக்கூர்மையை அடியோடு நீக்கிய பிறகும் துப்பறியும் கதை நிலைத்தது என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவமாகும், ஏனெனில் இங்கு வாசகரை ஈர்த்தது புதிரன்று, சாம்பு–கோபாலன்–வேம்பு என்ற மூவரின் உறவு. பிற்காலத்தில் தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தபோதும் அந்த ஈர்ப்பு குன்றவில்லை.

இரண்டாம் மாற்றம் சுஜாதாவுடையது. அதுவே இன்னும் ஆழமானது. 1968-இல் ‘குமுதம்’ இதழில் வந்த ‘நைலான் கயிறு’ தொடரில் வழக்கறிஞர் கணேஷ் தனியாகவே அறிமுகமானார்; வசந்த் பின்னர்தான் வந்து சேர்ந்தார். தம்புச் செட்டித் தெரு அலுவலகத்தில் கணேஷ் நிதானமாகச் சிந்திக்க, இளையவரான வசந்த் துடுக்காகப் பேசி, பெண்களைக் கண்டால் மயங்கி, மெக்சிகோ சலவைக்காரி பற்றிய நகைச்சுவைக் கதையை முழுதாகச் சொல்லாமலே ஆண்டுகளைக் கழித்தார். அந்தக் கதை என்னவாக இருக்கும் என்று கேட்டுச் சலிக்காத ஒரு வாசகர் தலைமுறையே இருந்தது. கொலையின் விடையைக் கடைசி அத்தியாயத்தில் தந்துவிட்ட ஆசிரியர் இந்த ஒரு விடையை மட்டும் தராமல் வைத்திருந்தார். வாசகரை அடுத்த நாவலுக்கு அழைத்துச் சென்றதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. துணைவர் தலைவரைவிட அதிகம் விரும்பப்படலாம் என்பது தமிழில் உறுதிப்பட்டது வசந்தின் வழியாகத்தான்.

1980-களில் மாத நாவல்கள் பெருகியபோது இந்த அமைப்பு ஒரு தொழில்முறையாகவே ஆயிற்று. மாத நாவல் என்பது மலிவு விலையில், கையடக்க அளவில், ஒரே இதழில் ஒரு முழு நாவலைத் தரும் வெளியீடு. பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும், கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கம் போன்ற சிற்றூர்களின் பெட்டிக்கடைக் கயிறுகளிலும் தொங்கியது. ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் அட்டையில் பெயர் கண்டாலே வாங்கப்பட்டவர்கள். பரத்தைவிடச் சுசீலா அணியும் பனியனில் எழுதியிருக்கும் வாசகங்களுக்குக் காத்திருந்தவர்கள் மிகுதி. இவற்றுள் சுபாவின் ‘ஈகிள்ஸ் ஐ’ துப்பறியும் நிறுவனம் தனித்துக் குறிப்பிடத்தக்கது, ஏனெனில் ராமதாஸ் தலைமையில் நரேந்திரன், வைஜயந்தி, ஜான் சுந்தர் என்று பலர் பணிபுரியும் ஓர் அலுவலகமாக அது அமைந்ததால், இணையைக் கடந்து குழு என்னும் வடிவத்தைத் தமிழ்த் துப்பறியும் கதை அங்கே எட்டியது.

தொலைக்காட்சி இந்தப் பாதையை மீண்டும் முதலிலிருந்து நடந்தது. 1985-இல் தூர்தர்ஷனில் வந்த ‘கரம்சந்த்’ தொடரில் பங்கஜ் கபூர் துப்பறிவாளராகவும் சுஷ்மிதா முகர்ஜி அவருடைய உதவியாளர் கிட்டியாகவும் நடித்தனர். 1993-இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய ‘வியோம்கேஷ் பக்‌ஷி’யிலும் தலைவரும் ஒரு தோழருமே இருந்தனர். அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ ஒரு காவல் நிலையம் முழுவதையும் கதைமாந்தராக்கி, எவர் நாயகர் என்று சுட்ட முடியாத நிலையை உருவாக்கியிருந்தது. இந்தியாவில் அந்த இடத்தை நெருங்கியது ‘சி.ஐ.டி.’ ஆகும்.

தொடரை உருவாக்கிய பி.பி. சிங் மும்பைத் தூர்தர்ஷனில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர். மராத்தியில் ‘ஏக் ஷூன்ய ஷூன்ய’ என்னும் காவல்துறைத் தொடரை எடுத்தவர். அதில் நடித்த சிவாஜி சாட்டம், முன்பு வங்கி ஊழியராக இருந்தவர், உதவி ஆணையர் பிரத்யுமன் ஆனார். பின்னாளில் ‘லகான்’ படத்தை இயக்கிய அசுதோஷ் கோவாரிகர் தொடக்கக் கட்டத்தில் இன்ஸ்பெக்டராக நடித்தார். தொடக்கப் பகுதி ஒன்றில் குற்றவாளியாக வந்த ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா பிறகு இன்ஸ்பெக்டர் அபிஜீத்தாகத் திரும்பினார். விளையாட்டு வீரரான தயானந்த் ஷெட்டி தயாவானார். நரேந்திர குப்தா தடயவியல் மருத்துவர் சாலுங்கே ஆனார். தினேஷ் பட்னிஸ் ஃபிரெட்ரிக்ஸ் என்னும் அப்பாவிக் காவலரானார். 2004 நவம்பர் 7 அன்று 111 நிமிடப் பகுதி ஒன்றை வெட்டின்றி ஒரே ஓட்டமாகப் படம்பிடித்துக் காட்டியது இக்குழுவின் கூட்டுப் பயிற்சிக்குச் சான்றாகும்.

இந்த அமைப்பு ஏன் நீடித்தது என்பதற்குத் தொடரின் வடிவத்திலேயே விடை உள்ளது. பெரும்பாலும் ஒரு பகுதியில், சில வேளைகளில் இரண்டு மூன்று பகுதிகளில், ஒரு வழக்கு முடிந்துவிடும். கொல்லப்பட்டவரும் கொன்றவரும் அடுத்த வாரம் வருவதில்லை. எனவே வாரந்தோறும் மாறாதிருந்தது பிரத்யுமனின் விரல் சுழற்சியும், அவருக்கும் சாலுங்கேக்கும் இடையிலான ஓயாத வாக்குவாதமும், அபிஜீத்–தயா நட்பும் மட்டுமே. தலைவர் மதிப்புக்குரியவராக நிற்க, கதவை உடைக்கும் தயா மக்களின் பேச்சுவழக்கில் புகுந்தார்; எளிமையால் நேசிக்கப்பட்ட ஃபிரெட்ரிக்ஸிடம் சாம்புவின் சாயலைத் தமிழ் வாசகர் காண இயலும்.

இத்தொடரின் குறைகளையும் வரலாறு பதிவுசெய்ய வேண்டும். பெண் அதிகாரிகள் அடிக்கடி மாற்றப்பட்டனர்; ஆண்களுக்கு வாய்த்த இருபதாண்டுக் கால நெருக்கம் அவர்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. விசாரணையில் சந்தேகத்துக்குரியவரை அறைவது வேடிக்கையான வழக்கமாகவே காட்டப்பட்டது. கடலூர் மாவட்ட வாசகர் இதை எளிதில் கடந்துவிட முடியாது: அம்மாவட்டத்தில் உள்ள கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993-இல் நிகழ்ந்த காவல் மரணமே 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படை. திரையில் அன்புக்குரியவராக ஆகிவிட்ட காவலரின் கை ஓங்கும்போது பார்வையாளர் அவர் பக்கமே நிற்கிறார் என்பது, கதைமாந்தர் மீதான பற்று தரும் இன்பத்தோடு சேர்த்தே எண்ணப்பட வேண்டிய உண்மை.

அப்பற்றின் வலிமை ஒரு பாத்திரம் இறக்கும்போது வெளிப்படுகிறது. 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸைக் கொன்ற கோனன் டாயில் வாசகரின் வற்புறுத்தலுக்குப் பின் 1903-இல் அவரை உயிருடன் மீட்டார். 2024 டிசம்பர் 21 அன்று மீண்டும் தொடங்கிய ‘சி.ஐ.டி.’யில் 2025 ஏப்ரலில் பிரத்யுமன் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு, புதிய உதவி ஆணையர் ஒருவர் நியமிக்கப்பட்டபோது பார்வையாளரின் வருத்தம் பெரிதாக எழுந்தது. சில மாதங்களில் சிவாஜி சாட்டம் அதே பாத்திரமாகத் திரும்பினார். ஃபிரெட்ரிக்ஸின் நிலை வேறு. தினேஷ் பட்னிஸ் தம் 57-ஆம் வயதில், 2023 டிசம்பரில், தொடர் மீண்டும் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னரே மறைந்துவிட்டதால், தயாவும் அபிஜீத்தும் சாலுங்கேயும் அவரில்லாமலே அலுவலகம் திரும்ப நேர்ந்தது.